புள்ளிகளோடு பந்திழப்பையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கூடைப்பந்தாட்டம் பழகும் மாணவியரிடையே இப்போது அதிகம் அடிபடும் பெயர் கெய்ட்லின் கிளார்க். நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்ததுமே அவர் எறியும் பந்து வளையத்துக்குள் விழும் காணொளித் துண்டுகள் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கின்றன. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பதும் அந்த எறிகையைத்தான். ஒரு வீராங்கனையைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் பந்தைக் கையில் எடுப்பது மிகுந்த மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தத் துண்டுகளில் வராத ஒரு கணக்கு இருக்கிறது. 2024இல் தொழில்முறை ஆட்டத்தில் தன் முதற்பருவத்தை ஆடிய கிளார்க், 40 போட்டிகளில் 337 அசிஸ்ட் (தோழி கூடை போடக் காரணமான பாஸ்) கொடுத்து, அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.யில் சாதனை படைத்தார். அதே 40 போட்டிகளில் 223 தடவை பந்தை எதிரணியிடம் இழந்தார். ஒரு பருவத்தில் அத்தனை பந்திழப்பு அந்த லீக்கில் அதற்கு முன் எவருக்கும் பதிவானதில்லை. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பொயின்ட் கார்ட் ஒருவர் எப்படி உருவாகிறார் என்பது விளங்கும். எங்கள் பாடசாலை அணிகளுக்கு வேண்டிய பாடமும் அதற்குள்தான் இருக்கிறது. அதை விரித்துச் சொல்லி, உங்கள் பத்திரிகையிடம் ஒரு கோரிக்கையும் வைக்கவே இக்கடிதம்.

கிளார்க் 2002 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டிமொயின் நகரில் பிறந்தவர். உயரம் ஆறடி. வெஸ்ட் டிமொயினிலுள்ள டௌலிங் கத்தோலிக்க உயர்பாடசாலையில் படித்து, 2020இல் சொந்த மாநிலத்தின் அயோவா பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தார். பயிற்றுவிப்பாளர் லீசா புளூடர் முதல் நாளிலிருந்தே பந்தை அவர் கையில் ஒப்படைத்தார். முதல் வருடச் சராசரி 26.6 புள்ளிகள், 7.1 அசிஸ்ட். அடுத்த வருடம் 27.0 புள்ளிகள், 8.0 அசிஸ்ட். மூன்றாம் வருடம் 27.8, 8.6. நான்காம் வருடம் 31.6, 8.9. புள்ளிகளோடு அசிஸ்டும் ஒவ்வொரு வருடமும் ஏறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நிறையப் புள்ளி எடுக்கும் பிள்ளை மற்றவர்களுக்குப் பந்து கொடுக்காது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இந்த வரிசை அதற்கு நேர்மாறாக இருக்கிறது. எறிகைக்குப் பயந்து எதிரணி இரண்டு பேரை அனுப்பும்போது யாரோ ஒருவர் காவலின்றி நிற்பார். அவரைக் கண்டுபிடிப்பதே அசிஸ்ட்.

நான்கு வருடங்களில் 139 போட்டிகள், 3,951 புள்ளிகள், 1,144 அசிஸ்ட். 2024 பெப்ரவரி 15இல் மிச்சிகன் அணிக்கெதிராக 49 புள்ளிகள் எடுத்து, கெல்சி பிளமின் 3,527 என்ற, அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டத்தின் (என்.சி.ஏ.ஏ.) பெண்கள் புள்ளிச் சாதனையைக் கடந்தார். மார்ச் 3இல் ஒஹாயோ ஸ்டேட் அணிக்கெதிராக ஆண்கள் பக்கத்துச் சாதனையான பீட் மரவிச்சின் 3,667ஐயும் தாண்டினார். இதில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மரவிச் 1967 முதல் 1970 வரை மூன்று பருவங்களில், 83 போட்டிகளில் மட்டும் ஆடி, போட்டிக்கு 44.2 என்ற சராசரியில் அதை எடுத்தவர். அன்று முதல் வருட மாணவர் பிரதான அணியில் ஆட அனுமதி இல்லை. மூன்று புள்ளிக் கோடும் இல்லை. இரண்டு சாதனைகளையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை. இரண்டும் பெரியவை.

மரவிச் ஆடியது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு. லூசியானா மட்டக்களப்பாருக்கு அந்நியமான இடமல்ல. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள்தான் இங்கு வந்து பாடசாலைத் திடல்களில் இந்த ஆட்டத்தை வேரூன்ற வைத்தவர்கள். அருட்தந்தை வெபரின் பெயரை எங்கள் விளையாட்டரங்கு சுமக்கிறது. புனித மிக்கேல் கல்லூரி அணிகளைப் பயிற்றுவித்த அருட்தந்தை இயூஜின் ஹேர்பேட் 1990 ஓகஸ்ட் 15இல் காணாமற்போனார். அந்த இழப்பை இந்த ஊர் மறக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற மரபு நெடுங்காலம் ஆண்கள் அணிகளைச் சுற்றியே வளர்ந்தது. பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டிய காலம் இது.

கிளார்க்கின் அயோவா ஒருமுறையும் தேசிய சம்பியனாகவில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 2023 இறுதிப் போட்டியில் லூசியானா ஸ்டேட்டிடம் 102–85 என்றும், 2024 இறுதிப் போட்டியில் தென் கரோலினாவிடம் 87–75 என்றும் தோற்றது. காலிறுதியில் லூயிவில் அணிக்கெதிராக 41 புள்ளிகள், 12 அசிஸ்ட், 10 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்த அதே 2023ஆம் ஆண்டில்தான் முதல் தோல்வி. ஒருவர் எவ்வளவு எடுத்தாலும் ஐந்து பேர் ஆட்டம் ஐந்து பேர் ஆட்டந்தான்.

டபிள்யூ.என்.பி.ஏ. விதிப்படி அமெரிக்கப் பெண்கள் பொதுவாக 22 வயது வரும் ஆண்டில்தான் தெரிவுக்கு, அதாவது அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் நிகழ்வுக்கு, தகுதி பெறுகிறார்கள். ஆண்கள் ஒரே வருடத்தில் பல்கலைக்கழகத்தை விட்டுப் போய்விடலாம். பெண்கள் பெரும்பாலும் நான்கு வருடமும் ஒரே பயிற்றுவிப்பாளரிடம், ஏறக்குறைய ஒரே தோழியரோடு ஆடுகிறார்கள். கிளார்க்கின் பந்து எந்தக் கணத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் வரும் என்று கேட் மார்ட்டின், கேபி மார்ஷல் போன்றவர்களுக்குத் தெரியும். மொனிக்கா சினானோ வளையத்துக்கருகில் கையை விரித்து நின்றால் பந்து அந்தக் கையில் வந்து விழும். இந்தப் பழக்கம் அறுந்தபோது என்ன நடந்தது என்பதே முதற்பருவத்தின் முற்பாதி.

2024 ஏப்ரல் 7இல் பல்கலைக்கழக இறுதிப் போட்டி. ஏப்ரல் 15இல் முதலாவது தெரிவாக இந்தியானா ஃபீவர் அணி அவரை எடுத்தது. மே 14இல் முதற்போட்டி. இடையில் ஐந்து வாரம். எறியும் தூரம் மாறவில்லை. மூன்று புள்ளிக் கோடு இரண்டு இடத்திலும் சுமார் 6.75 மீற்றர். பந்தும் அதே 6ஆம் இலக்கம். மாறியது நேரம். பல்கலைக்கழகத்தில் எறிவதற்கு 30 செக்கன், இங்கே 24. பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக அங்கே 10 செக்கன், இங்கே 8. காவலுக்கு வருவோர் 25, 30 வயது நிறைந்த, உடல் வலுவான தொழில்முறை வீராங்கனைகள். கனெக்டிகட் சன் அணிக்கெதிரான முதற்போட்டியில் கிளார்க் 20 புள்ளிகள் எடுத்தார், 10 தடவை பந்தை இழந்தார். அணி 92–71 என்று தோற்றது. முதல் 20 நாட்களில் 11 போட்டிகள். வெற்றி இரண்டு, தோல்வி ஒன்பது. பயிற்சி எடுத்துத் திருத்துவதற்கு இடைவெளியே கிடைக்கவில்லை.

அந்தப் பந்திழப்புகளை வகை பிரித்துப் பார்த்தால் எங்கள் திடல்களில் நாளாந்தம் நடப்பவையே பெரிதாகத் தெரிகின்றன.

முதலாவது, ஸ்கிரீனில் இருவர் மறிப்பு. தோழி ஒருவர் காவலாளியின் வழியை மறித்து நிற்க (ஸ்கிரீன் போட), கார்ட் பந்தைத் தட்டிக்கொண்டு அதைச் சுற்றி வருகிறார். ஸ்கிரீன் போட்டவரின் காவலாளியும் பாய்ந்து முன்னால் வர, இருவர் கார்ட்டைச் சுற்றி அடைக்கிறார்கள். கார்ட் ஓரக்கோட்டுப் பக்கம் ஓடினால் அந்தக் கோடே மூன்றாவது காவலாளியாகிவிடும். பந்தைத் தட்டுவதை நிறுத்திக் கையில் எடுத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. செய்ய வேண்டியது, இருவரும் சேர்ந்து அடைக்கும் முன்பே பின்னோக்கி இரண்டு தட்டு. அப்போது மறிப்பவர்கள் முன்னேறி வர, அவர்களுக்குப் பின்னால் இடம் திறக்கும். ஸ்கிரீன் போட்ட தோழி வளையம் வரை ஓடாமல் தடை எறிகைக் கோட்டருகில் நின்று திரும்பினால் அவருக்குக் குறுகிய பாஸ் போகும். அங்கிருந்து நான்கு பேருக்கு மூன்று பேர் காவல். ஃபீவரில் அலியா பொஸ்டன் இந்த வேலையைச் செய்தார். அவரும் கிளார்க்கும் ஒருவரையொருவர் பழக எடுத்த வாரங்களில்தான் அணி அதிகம் தோற்றது.

இரண்டாவது, பாஸ் சரியாக இருந்தும் வாங்குபவர் ஆயத்தமில்லாதது. ஒரு கையால், நீளமாக, தோழி பார்க்கும் முன்னமே வரும் பந்து விரலில் பட்டு வெளியே போகிறது. பதிவேட்டில் அது கொடுத்தவரின் பிழையாக விழும். உண்மையில் இருவருக்கும் வேலை உண்டு: வாங்குபவர் காவலாளிக்கு எட்டாத பக்கத்துக் கையை மார்பு உயரத்தில் விரித்துக் காட்ட வேண்டும், கொடுப்பவர் அந்தக் கையைக் கண்ட பிறகே விட வேண்டும். நிலத்தில் தட்டிக் கொடுப்பதானால் இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டி விழ வேண்டும். நடுவில் விழுந்தால் பந்து மெதுவாக எழும்பி, காவலாளியின் கைக்கு எட்டும்.

மூன்றாவது, துள்ளி எழுந்த பிறகு யாருக்குக் கொடுப்பது என்று தேடுவது. காற்றில் இருக்கும்போது திட்டம் மாறினால் இறங்குவதற்குள் பந்தை எங்காவது விட்டாக வேண்டும். பிள்ளைகள் இதைக் காணொளியில் பார்த்துப் பழகுகிறார்கள். பயிற்சியில் துள்ளிக் கொடுக்கும் ஒவ்வொரு பாஸையும் பந்திழப்பாகவே எண்ணினால் இரண்டு வாரத்தில் பழக்கம் விட்டுப்போகும்.

நான்காவது களைப்பு. கிளார்க் போட்டிக்குச் சராசரியாக 35 நிமிடங்களுக்கு மேல் ஆடினார். முழுத்திடலிலும் காவலாளி ஒட்டிக்கொண்டு வர, 28 மீற்றரும் பந்தைத் தானே கொண்டுசெல்லும் கார்ட், நான்காம் கால்பகுதியில் கண்ணால் கண்டதைக் கையால் செய்ய முடியாமல் போகிறார். ஃபீவரின் கெல்சி மிச்செல் போன்ற இன்னொரு கார்ட் பந்தைக் கொண்டுவர, முதல் கார்ட் பக்கவாட்டில் ஓடி அங்கே வாங்குவது இதற்கு நல்ல மாற்று.

பருவம் போகப்போக நிலைமை மாறியது. ஜூலை 6இல் நியூயோர்க் லிபர்ட்டிக்கெதிராக 19 புள்ளிகள், 13 அசிஸ்ட், 12 ரீபவுண்ட்; முதற்பருவ வீராங்கனை ஒருவர் டபிள்யூ.என்.பி.ஏ.யில் டிரிபிள் டபிள் (மூன்று வகையிலும் பத்துக்குக் குறையாத எண்) எடுத்தது அதுவே முதல் தடவை. ஜூலை 17இல் டலஸ் அணிக்கெதிராக ஒரே போட்டியில் 19 அசிஸ்ட். அது லீக் சாதனை. ஆனாலும் அன்று அணி 101–93 என்று தோற்றது. பிறகு ஒலிம்பிக்குக்காக ஏறத்தாழ ஒரு மாதம் லீக் ஓய்ந்தது. ஒலிம்பிக் அணியில் கிளார்க் இல்லாததால் அவருக்கு ஓய்வும் பயிற்சியும் கிடைத்தன. இடைவேளைக்கு முன் ஃபீவரின் கணக்கு 11 வெற்றி, 15 தோல்வி. பின் 9 வெற்றி, 5 தோல்வி. 2016க்குப் பிறகு முதன்முறையாக அணி, பருவ முடிவில் முன்னணி அணிகள் மோதும் பிளேஓஃப் சுற்றுக்குள் போனது. அங்கே கனெக்டிகட்டிடம் இரண்டு போட்டிகளிலும் தோற்றது. கிளார்க்கின் பருவச் சராசரி 19.2 புள்ளிகள், 8.4 அசிஸ்ட், 5.7 ரீபவுண்ட். ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான 67 வாக்குகளில் 66 அவருக்கு. பந்திழப்பு இறுதிவரை போட்டிக்கு ஐந்துக்கு மேலேயே நின்றது. ஆகவே அவர் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டார் என்று எவரும் சொல்ல முடியாது. இழப்புகளுக்கிடையில் அணி வெல்லப் பழகியது என்பதே சரி.

இனி எங்கள் பிள்ளைகள். கிழக்கில் கூடைப்பந்துக்கு வரும் மாணவியரில் பலர் வலைப்பந்திலிருந்து வருகிறார்கள். இது ஒரு பெரும் பலம். பயிற்றுவிப்போர் பலர் இதைப் பலவீனமாக நினைப்பது வருத்தத்துக்குரியது. வலைப்பந்தில் மூன்று செக்கனுக்குள் பந்தைக் கொடுத்தாக வேண்டும். எனவே கண் விரைவாகப் பார்க்கிறது. மார்புப் பாஸும் தோள் பாஸும் நேராகப் போகின்றன. கிளார்க்கை மறித்த இருவர் மறிப்பிலிருந்து வெளிவர முதலில் வேண்டியது இதே விரைவான முடிவு. வளையமும் இரண்டு ஆட்டத்திலும் 3.05 மீற்றர் உயரம். பலகையின்றி எறிந்து பழகியதால் பந்து நல்ல வளைவில் போகிறது.

சிக்கல் மூன்று இடங்களில் வருகிறது. வலைப்பந்தில் காவலாளி 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். கூடைப்பந்தில் மூச்சுப்படும் தூரத்தில் நிற்பார். அந்த நெருக்கத்தில் பிள்ளை முதலில் செய்வது பந்தைத் தலைக்கு மேலே தூக்குவது, அல்லது முதுகைக் காட்டித் திரும்புவது. இரண்டிலும் வயிறும் காலும் நேராகி, சமநிலை போய்விடும். இரண்டாவது, பந்தைத் தட்டும் பழக்கம் இல்லாததால் கண் பந்திலேயே இருக்கும். மூன்றாவது மிக நுட்பமானது. வலைப்பந்தில் இறங்கிய காலைத் தூக்கிவிட்டு, அது மீண்டும் நிலத்தில் படும் முன் பந்தை விட்டால் பிழையில்லை. கூடைப்பந்திலும் அச்சுக்காலை (ஊன்றிச் சுழலும் காலை) தூக்கிப் பாஸ் கொடுக்கலாம், எறியலாம். ஆனால் தட்டத் தொடங்குவதானால் அச்சுக்கால் எழும்பும் முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். வலைப்பந்துப் பிள்ளைகளுக்கு விசில் விழும் டிராவலிங் பிழைகளில் பெரும்பகுதி இதுதான். “நடக்காதே” என்று கத்துவதால் இது திருந்தாது. பந்து முதலில், கால் பிறகு என்ற ஒழுங்கை, வலப்பக்கம் 10 தடவை இடப்பக்கம் 10 தடவை என்று, மெதுவாகச் செய்யவைத்தால் திருந்தும்.

மறிப்புக்கான பயிற்சிக்குப் பெரிய வசதி தேவையில்லை. சீமெந்துத் திடலில் சோக்கட்டியால் 4 மீற்றருக்கு 4 மீற்றர் சதுரம் கீறுங்கள். உள்ளே பந்தோடு ஒருவர், காவலுக்கு இருவர். வெளியே, சதுரத்தின் எந்தப் பக்கத்திலும் ஓடக்கூடிய ஒருவர். முதற்கட்டத்தில் தட்டக் கூடாது. அச்சுக்காலைச் சுற்றித் திரும்பி, பந்தை முழங்காலுக்குக் கீழாகவோ காதோரமாகவோ பக்கம் மாற்றி, 5 செக்கனுக்குள் வெளியே கொடுக்க வேண்டும். நெருங்கிய காவலில் 5 செக்கனுக்கு மேல் பந்தை வைத்திருந்தால் விதிப்படி பந்து போய்விடும் என்பதால் பயிற்றுவிப்பவர் சத்தமாக எண்ணுங்கள். ஆளுக்கு எட்டு தடவை. எட்டில் ஆறு வெளியே போகத் தொடங்கியதும் இரண்டாம் கட்டம்: பின்னோக்கி இரண்டு தட்டு அனுமதி, கண் காவலாளிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில். மூன்றாம் கட்டத்தில் சதுரத்தின் ஒரு பக்கத்தைத் திடலின் ஓரக்கோட்டோடு ஒட்டி வையுங்கள். கோட்டுக்கருகில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளை தானே உணரும். இங்கே வழக்கமாகப் பிழைப்பது, காவலுக்கு நிற்கும் இருவரும் தோழி என்று இரங்கி மெதுவாக வருவது. காவலர்கள் பந்தைப் பறித்தால் அவர்களுக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் வேகம் தானாக வரும்.

பிறகு எட்டுச் செக்கன் ஓட்டம். அடிக்கோட்டிலிருந்து நடுக்கோடு 14 மீற்றர். காவலுக்கு ஒருவர், பிறகு இருவர். பலவீனமான கையால் மட்டும் கொண்டுபோக வேண்டும். ஆளுக்கு ஆறு தடவை, இடையில் 30 செக்கன் ஓய்வு. நடுக்கோட்டைத் தாண்டிய உடனே, மூலையில் மறிக்கப்படும் முன், பந்து மறுகைக்கு மாற வேண்டும். மறிப்புக்கு மிக வசதியான இடம் நடுக்கோட்டைத் தாண்டிய அந்த மூலைதான். பின்னால் திரும்பிக் கொடுக்கவும் முடியாது, பக்கத்திலும் கோடு.

தூரத்து எறிகையைக் கேட்கும் பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் முதற்பருவத்தில் கிளார்க் எறிந்த 355 மூன்று புள்ளி எறிகைகளில் விழுந்தவை 122. மூன்றில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். தடை எறிகையிலோ நூற்றுக்கு 90.6. எவரும் காவல் நிற்காத, 4.6 மீற்றர் தூரத்து எறிகையை எங்கள் அணிகள் எத்தனை தடவை தவறவிட்டுப் போட்டியைத் தோற்கின்றன என்பது பார்வையாளருக்கும் தெரியும். பயிற்சி முடிவில், களைத்த பிறகு, ஆளுக்கு 20 தடை எறிகை என்பது செலவில்லாத திருத்தம்.

பந்தின் இலக்கத்தைப் பாருங்கள். மாணவியருக்கு 6ஆம் இலக்கம், எடை 510 முதல் 550 கிராம் வரை. மாணவரின் 7ஆம் இலக்கம் 580 முதல் 620 வரை. பல இடங்களில் ஆண்பிள்ளைகளின் பழைய 7ஆம் இலக்கப் பந்தே பெண்பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறது. கை சிறிது, பந்து கனம். அதனால் பந்தை இடுப்புக்கு இறக்கி இரண்டு கையாலும் வீசுகிறார்கள். முழங்கை வெளியே விரிகிறது. இந்தப் பிழை ஒருமுறை படிந்தால் வருடக்கணக்கில் போகாது. 6ஆம் இலக்கப் பந்தால், வளையத்திலிருந்து ஒன்றரை மீற்றரில் ஒரு கையால் தொடங்கி, ஒரே இடத்தில் 10இல் 7 விழுந்தால் மட்டும் அரை மீற்றர் பின்னால் போகட்டும். 6.75 மீற்றருக்கு எப்போது வருவது என்பதை அந்த 7 தீர்மானிக்கும். வயதோ ஆசையோ அல்ல. காற்றையும் சரிபாருங்கள்: 1.8 மீற்றர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் அதன் மேற்புறம் 1.2 முதல் 1.4 மீற்றர் வரை எழ வேண்டும். சீமெந்தில் தேய்ந்து வழுவழுப்பான இறப்பர் பந்து வியர்வைக் கையில் நிற்காது. அதனால் வரும் பந்திழப்புக்குப் பிள்ளையைக் குறை சொல்வது அநியாயம்.

வெளித்திடல் வளையங்களில் பிள்ளைகள் தொங்கித் தொங்கி முன்பக்கம் சாய்ந்திருக்கும். மாதம் ஒருமுறை அளவு நாடாவால் முன்னும் இருபக்கமும் அளந்து, 3.05 மீற்றரிலிருந்து இறங்கியிருந்தால் போல்ட்டை முறுக்குங்கள், அல்லது தாங்கியை நிமிர்த்துங்கள். கடற்கரைப் பக்கத்துத் திடல்களில் பயிற்சிக்கு முன் மணலைக் கூட்டாவிட்டால் சப்பாத்தும் வழுக்கும், பந்தும் வழுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூரத்து எறிகையை வைத்து எவரையும் மதிப்பிட வேண்டாம். அந்த நாட்கள் மறிப்புப் பயிற்சிக்கும் பாஸுக்கும் நல்லவை.

சுமை பற்றியும் ஒரு சொல். 2023 நவம்பரிலிருந்து 2024 செப்டெம்பர் வரை, பதினொரு மாதத்துக்குள், கிளார்க் பல்கலைக்கழகத்துக்கு 39, ஃபீவருக்கு 40, பிளேஓஃப் 2 என 81 போட்டிகள் ஆடினார். 2025இல் தசைக் காயங்களால் 13 போட்டிகள் மட்டுமே ஆட முடிந்தது. ஒன்றுக்கு மற்றதே காரணம் என்று முடிச்சுப்போட முடியாது. ஆனால் எங்கள் பாடசாலைகளில் ஓடக்கூடிய ஒரே பிள்ளை தடகளத்துக்கும் வலைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் ஒரே தவணையில் இழுக்கப்படுவதைப் பார்க்கும்போது கவலை வருகிறது. அணிக்கு இரண்டாவது பந்துக் கையாளுநர் ஒருவரையாவது உருவாக்கி, ஒவ்வொரு கால்பகுதியிலும் முதல் கார்ட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கை கொடுங்கள். முதல் கார்ட் சாதாரணதரப் பரீட்சைக்காக ஒதுங்கினாலும் அணி சரிந்துபோகாது.

இப்போது கோரிக்கைக்கு வருகிறோம். பாடசாலைக் கூடைப்பந்துப் போட்டிச் செய்திகளில் வென்ற அணி, புள்ளிகள், அதிக புள்ளி எடுத்தவர் பெயர், பரிசு வழங்கும் படம் ஆகியவை வருகின்றன. அதனால் பிள்ளையும் பெற்றோரும் புள்ளியை மட்டுமே சாதனையாக நினைக்கிறார்கள். ஒன்பது அசிஸ்ட் கொடுத்து அணியை வெல்லவைத்த பிள்ளையின் பெயர் எங்கும் அச்சாவதில்லை. அடுத்த போட்டியில் அந்தப் பிள்ளையும் எறியத் தொடங்குகிறது. நீங்கள் இன்னும் இரண்டு வரி இடம் தந்தால் இது மாறும். இரு அணியினதும் பொயின்ட் கார்ட்டுகளுக்குப் புள்ளி, அசிஸ்ட், ரீபவுண்ட், பந்திழப்பு, ஆடிய நிமிடம் ஆகிய ஐந்து எண்களையும், அணிகளின் மொத்தப் பந்திழப்பையும் வெளியிடுங்கள். உதாரணமாக: 9 புள்ளி, 7 அசிஸ்ட், 3 ரீபவுண்ட், 4 பந்திழப்பு, 32 நிமிடம்.

எண்களைச் சேகரிக்கும் பொறுப்பு பாடசாலைகளுடையது. ஆடாத மாணவியர் இருவர் போதும்: ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத. ஒருவரே இரண்டையும் செய்தால், குனிந்து எழுதும்போது அடுத்த பந்து போய்விடும். நேரடியாகக் கூடை விழக் காரணமான கடைசிப் பாஸ் மட்டுமே அசிஸ்ட். வாங்கியவர் நின்று, காவலாளியை வெட்டி, மூன்று தட்டுத் தட்டி எறிந்தால் அது அசிஸ்ட் அல்ல. பந்திழப்புக்கு எழுத்துக் குறி வைக்கலாம்: பறிப்பு ‘ப’, நடை ‘ந’, இரட்டைத் தட்டு ‘இ’, வெளியே போனது ‘வெ’, நேரம் கடந்தது ‘நே’, தாக்கும் அணியின் பவுல் ‘தா’. பாஸ் வாங்குபவரின் மார்புக்கும் கைக்கும் வந்து நழுவினால் வாங்கியவர் கணக்கு. மற்றவை கொடுத்தவர் கணக்கு. இதை இரு அணிகளும் போட்டிக்கு முன் ஒத்துக்கொண்டால் பிறகு சண்டை வராது. எந்தப் பாதித் திடலில் நடந்தது என்பதையும் ஒரு புள்ளடியால் குறித்தால், பந்து முழுத்திடல் நெருக்கடியில் போகிறதா, ஸ்கிரீன் மறிப்பில் போகிறதா என்று பயிற்றுவிப்பாளருக்கு அடுத்த நாளே தெரியும்.

பிள்ளைகளின் பெயர்களைப் பாடசாலையின் சம்மதத்தோடு மட்டும் வெளியிடுங்கள். படிவத்தின் மாதிரி ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்துள்ளோம். அதை ஒருமுறை அச்சிட்டு உதவினால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகள் வெட்டியெடுத்துப் படியெடுத்துக்கொள்ளும். போட்டி முடிந்த அன்று மாலையே நிரப்பி உங்கள் பிரதேச நிருபரிடம் சேர்க்கும்படி எமக்குத் தெரிந்த பயிற்றுவிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
மாணவியர் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பில் ஈடுபட்டுள்ளோர் சிலர்,
மட்டக்களப்பு.